ஆலோசனை எனும் சொல்: லங்காட் கரையிலிருந்து பூட்டானின் அரசதந்திரத்தை நோக்குதல்

முன்னுரை

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் என்னும் ஊர் அமைந்துள்ளது. சினமிக்க படைத்தலைவன் ஒருவனின் வளைகுடா என்பது அப்பெயரின் பொருளாகும். இன்று அவ்வூரில் நாம் காண்பவை தொழிற்சாலைகளும் செம்பனைத் தோட்டங்களும் குடியிருப்புகளுமே. ஆயினும், அங்கிருந்து பந்திங்கைக் கடந்து லங்காட் ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கிச் சென்றால் ஜுக்ரா குன்றினை அடையலாம். சிலாங்கூரை 1857 முதல் 1898 வரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாட் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். கோலாலம்பூர் ஓர் ஈயச் சுரங்கக் குடியிருப்பாக மட்டும் இருந்த காலத்தில், சிலாங்கூரின் அரசுரிமை இந்த ஆற்றங்கரையில்தான் வீற்றிருந்தது.

சிற்றரசொன்று பேரரசின் அருகில் எவ்வாறு உயிர்வாழ்கிறது என்னும் வினாவை எழுப்பும்போது, அறிஞர்கள் பெரும்பாலும் இமயமலைச் சாரலிலுள்ள பூட்டானையே சான்றாகக் காட்டுவர். அது பொருத்தமே. எனினும், அவ்வினாவை லங்காட் கரையில் நின்று எழுப்பும்போது வேறொரு தெளிவு பிறக்கிறது என்பதே நம் கருத்து. சிலாங்கூர், பூட்டான், சிக்கிம் ஆகிய மூன்று சிற்றரசுகளும் ஒரே பேரரசின் ஒரே சொல்லை எதிர்கொண்டன. அச்சொல் 'ஆலோசனை' என்பதாகும். அச்சொல்லை அரண்மனையின் எந்த வாயிலில் நிறுத்திவைக்க முடிந்தது என்பதே ஒவ்வோர் அரசின் விதியையும் பெரிதும் தீர்மானித்தது. இதனை நிறுவுவதும், அந்த அரசதந்திரத்தின் விலையை யார் கொடுத்தனர் என்று வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆலோசனையின் பிறப்பு

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை வகுத்துள்ளார். தூதுக்கெனத் தனியே ஓர் அதிகாரமும் உண்டு. தன் வலிமையும் மாற்றான் வலிமையும் அறிந்து, காலமும் இடமும் கருதிச் செயற்படுவதே அரசனுக்கு அழகு என்னும் இச்சிந்தனை, பெரும்படை இல்லாத சிறிய அரசனுக்கே மிகுதியும் தேவைப்படுவது. பேரரசனின் பிழையைப் படைபலம் மறைத்துவிடும். சிற்றரசனின் பிழையை மறைக்க ஏதுமில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி இந்திய அரசவைகளில் ரெசிடெண்ட் என்னும் அதிகாரிகளை அமர்த்தியது. பெயரளவில் அவர் அரசனுக்கு ஆலோசனை கூறுபவர். ஆனால் அந்த ஆலோசனையின் பின்னே கும்பினியின் படை நின்றது. தமிழகத்தில் இதன் விளைவை நாம் தஞ்சையிலே காண்கிறோம். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டு நிருவாகத்தைக் கும்பினியிடம் ஒப்படைத்தார். அரச பட்டமும் கோட்டையும் அவரிடம் எஞ்சின. சரசுவதி மகால் நூலகத்தை அவர் வளர்த்தமை தமிழுலகம் போற்றும் செயலே. ஆயினும், அவர் மகன் சிவாஜி ஆண்வாரிசின்றி 1855இல் மறைந்தபோது தஞ்சை அரசே இல்லாதொழிந்தது. நிருவாகத்தை இழந்த அரசுரிமை ஓர் உயிரின் கால அளவுக்கே நிலைத்தது.

இந்தியாவில் வார்க்கப்பட்ட இந்த அச்சுதான் பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் இமயச் சாரலுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஆனால் இரண்டிடங்களிலும் அது ஒரே வடிவில் பதியவில்லை.

லங்காட்டில் தங்கிய ஆலோசகர்

சிலாங்கூரில் 1867இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கிள்ளான் ஆற்றின் வழியே செல்லும் ஈயத்தின் மீதான வரியை யார் பெறுவது என்பதே போரின் உயிர்நாடி. ஒருபுறம் ராஜா மஹ்டி நின்றார். மறுபுறம் சுல்தானின் மருமகனும் கெடா அரச குடும்பத்தவருமான தெங்கு கூடின் நின்றார். சீனச் சுரங்கக் குழுக்களும் இருபுறமும் பிரிந்து போரிட்டன. கோலாலம்பூரின் கப்பித்தான் யாப் ஆ லோய், தெங்கு கூடினின் பக்கம் இருந்தார். சுல்தான் அப்துல் சமாட் தெங்கு கூடினைத் தம் பிரதிநிதியாக 1868இல் நியமித்தாரேனும், தாம் லங்காட்டிலேயே தங்கி, பெரும்பாலும் போருக்கு விலகியே இருந்தார். இதனைச் சிலர் சோம்பல் என்று எழுதினர். எப்பக்கம் வென்றாலும் வென்றவர் தம்மைச் சுல்தானாக ஏற்றாக வேண்டும் என்னும் கணிப்பும் அதனுள் இருந்தது எனக் கருத இடமுண்டு.

ஆனால் போரைக் காட்டிலும் பெரிய வலிமை கடல்வழியே வந்தது. 1873 நவம்பரில் ஜுக்ரா ஆற்றின் முகத்துவாரம் அருகே மலாக்காப் படகொன்று கொள்ளையிடப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் கடற்படைக் கப்பல்களுடன் லங்காட்டுக்கு வந்தார். அங்கேயே விசாரணை நடந்தது. குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டோர் கொல்லப்பட்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 1874 ஜனவரி 20ஆம் நாள், பேராக் மாநிலத்துக்கான பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. மலாய்ச் சமயமும் வழக்கமும் தவிர்ந்த எல்லாவற்றிலும் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்டாக வேண்டிய ஆலோசனை, கேட்டபின் நிறைவேற்றியாக வேண்டிய ஆலோசனை! இதற்குத் தமிழில் 'ஆணை' என்பதே பெயராகும்.

சிலாங்கூருக்குப் பங்கோர் போன்ற தனி உடன்படிக்கை எழுதப்படவில்லை. 1874 ஆகஸ்டில் பிராங்க் சுவெட்டன்ஹாம் என்னும் 24 அகவை இளைஞர், ஏறத்தாழ 70 அகவை எய்தியிருந்த சுல்தானுக்குத் துணையாக லங்காட்டில் தங்க அனுப்பப்பட்டார். அதே ஆண்டின் இறுதிக்குள் சுல்தானின் இசைவு கடித வாயிலாகப் பெறப்பட்டது. 1875இல் டேவிட்சன் முதல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் பேராக்கின் ரெசிடெண்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதன் தொடர்ச்சியாகப் பேராக் சுல்தான் அப்துல்லா அரியணை இழந்து சீசெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூர்ச் சுல்தானோ மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் அரியணையில் இருந்து, தம் வழித்தோன்றலிடமே அதனை விட்டுச்சென்றார்.

வலியறிதல் என்னும் அளவுகோலால் பார்த்தால் இது சிறிய வெற்றியன்று. அரியணை, சமயம், வழக்கம் ஆகிய மூன்றும் காக்கப்பட்டன. ஆனால் வரி, நிலம், நீதி, காவல் ஆகிய நான்கும் ரெசிடெண்டின் மேசைக்குச் சென்றன. 1880இல் மாநிலத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1896இல் கூட்டரசு மலாய் மாநிலங்கள் உருவானபோது, லங்காட்டில் இளம் ஆலோசகராக இருந்த அதே சுவெட்டன்ஹாம் முதல் தலைமை ரெசிடெண்டானார். ஆலோசனை அரண்மனையின் உள்வாயிலைக் கடந்துவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பூனாக்காவில் வரையப்பட்ட கோடு

பூட்டானும் முதலில் போரில் தோற்ற நாடே. 1864இல் பூனாக்காவுக்குச் சென்ற ஆஷ்லி ஈடனின் தூதுக்குழு அங்கே அவமதிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து எழுந்த போரின் முடிவில், 1865 நவம்பர் 11ஆம் நாள் சிஞ்சுலா உடன்படிக்கையின் வாயிலாக மலையடிவாரத்துத் துவார் நிலங்களைப் பூட்டான் இழந்தது. அதற்கு ஈடாக ஆண்டு மானியம் வழங்கப்பட்டது. அது 50,000 ரூபாய் வரை உயரும் என்பது ஏற்பாடு. தூதுவரை இழிவுசெய்வதால் சிற்றரசுக்கு நேரும் கேட்டினைப் பூட்டான் அன்று கற்றது.

அப்பாடத்தை முழுமையாகப் பயன்படுத்தியவர் தொங்சா பகுதியின் ஆளுநராயிருந்த உக்யேன் வாங்சுக் ஆவார். 1904இல் யங்ஹஸ்பண்டின் தலைமையில் பிரிட்டிஷ் படை லாசாவுக்குச் சென்றபோது, அவர் இடைநின்று சமரசம் பேசும் பணியை ஏற்றுக்கொண்டார். திபெத்தின் பகையைத் தேடாமலும் பிரிட்டனின் ஐயத்துக்கு ஆளாகாமலும் இருவருக்கும் தேவைப்படுபவராகத் தம்மை அமைத்துக்கொண்டதே அவரது திறமாகும். 1907 டிசம்பர் 17ஆம் நாள் அவர் பூட்டானின் முதல் பரம்பரை மன்னராக முடிசூடினார். உள்நாட்டுத் தலைவர்களிடையே நிலவிய பூசல் அத்துடன் அடங்கியது. சிலாங்கூரில் அந்நியன் நுழைய வழிவகுத்தது உள்நாட்டுப் பூசலே என்பதை இங்கு ஒப்புநோக்க வேண்டும்.

1910 ஜனவரி 8ஆம் நாள் சார்லஸ் பெல் பூனாக்காவில் புதிய உடன்படிக்கையைக் கையெழுத்திட்டுப் பெற்றார். ஆண்டு மானியம் 1,00,000 ரூபாயாக உயர்ந்தது. பூட்டான் தன் வெளியுறவில் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனையால் வழிநடத்தப்பட இசைந்தது. பூட்டானின் உள்நிருவாகத்தில் தலையிடுவதில்லை எனப் பிரிட்டன் உறுதியளித்தது. 'ஆலோசனை' என்னும் அதே சொல்தான். ஆனால் பங்கோரில் அச்சொல் உள்ளே நுழைந்தது. பூனாக்காவில் வெளிவாயிலில் நிறுத்தப்பட்டது. பூட்டானில் ரெசிடெண்ட் எவரும் குடியமரவில்லை. சிக்கிமின் காங்டாக்கில் இருந்த அரசியல் அதிகாரியே பூட்டான் விவகாரங்களைத் தொலைவிலிருந்து கவனித்தார்.

இவ்வேறுபாட்டுக்கு மன்னரின் திறம் மட்டுமே காரணம் எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈயம் இருந்தது. அதனை ஏற்றிச்செல்லும் ஆறு இருந்தது. நீரிணை வணிகரின் முதலீடு இருந்தது. பூட்டானில் பேரரசு விரும்பியது அமைதியான எல்லை ஒன்றையே. விரும்பிய துவார் நிலத்தை அது முன்பே பெற்றுவிட்டது. வறுமையும் மலையும் ஓர் அரசுக்கு அரணாகலாம் என்பது இடனறிதலின் பாற்படும்.

இந்தியா விடுதலையடைந்தபின், 1949 ஆகஸ்டு 8ஆம் நாள் டார்ஜிலிங்கில் கையெழுத்தான உடன்படிக்கை அதே ஆலோசனை விதியைத் தொடர்ந்தது. மானியம் 5,00,000 ரூபாயானது. தேவன்கிரிப் பகுதியில் சுமார் 32 சதுர மைல் நிலம் பூட்டானுக்குத் திரும்பியது. 1952இல் அரியணையேறிய மூன்றாம் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் அவ்விதியை எதிர்த்து முழங்கவில்லை. அதனை மெல்லமெல்லத் தளரச் செய்தார். 1958இல் இந்தியப் பிரதமர் ஜவகர்லால் நேரு சும்பிப் பள்ளத்தாக்கின் வழியே மலைப்பயணம் செய்து பாரோவை அடைந்தார். 1959இல் திபெத்தில் நேர்ந்தவை பூட்டானை இந்தியாவின் பக்கம் திருப்பின. 1961இல் முதல் ஐந்தாண்டுத் திட்டமும் சாலைப்பணியும் தொடங்கின. 1964இல் பிரதமர் ஜிக்மே பால்தென் தோர்ஜி கொலையுண்டபோது அரசு ஆட்டங்கண்டது. எனினும் திசை மாறவில்லை. மலாயா 1957இல் சேர்ந்த கொழும்புத் திட்டத்தில் பூட்டான் 1962இல் சேர்ந்தது; 1969இல் அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில் இடம்பெற்றது; 1971 செப்டம்பர் 21ஆம் நாள் இந்தியாவின் ஆதரவுடனேயே ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராயிற்று. அஞ்சல்தலையில் தொடங்கி உலக அவையில் முடிந்த இப்படிமுறையில், எந்தப் படியும் அண்டை நாட்டினை அச்சுறுத்தும் அளவுக்கு உயரமாக இருக்கவில்லை.

சிக்கிம் தந்த எச்சரிக்கை

இதே காலத்தில் சிக்கிமின் வழி வேறாயிற்று. 1889 முதல் காங்டாக்கில் அமர்ந்த பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி ஜான் கிளாட் வைட், நிருவாகத்தையே தம் கைக்குக் கொணர்ந்தார். விடுதலைக்குப் பின், 1949இல் இந்திய அதிகாரியொருவர் திவானாகப் பொறுப்பேற்றார். 1950 டிசம்பர் 5ஆம் நாள் உடன்படிக்கையால் சிக்கிம் இந்தியாவின் காப்பரசாயிற்று. நேபாள மொழி பேசுவோர் பெரும்பான்மையாக இருந்தும், பூட்டியா, லெப்சா மக்களுக்குச் சமமான இடங்களையே ஆட்சிமன்றத்தில் அவர்கள் பெற்றனர். இக்குறையே 1973இல் கிளர்ச்சியாக வெடித்தது. 1975 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பையடுத்து, மே 16ஆம் நாள் சிக்கிம் இந்தியாவின் 22ஆம் மாநிலமாயிற்று. சோக்யால் பால்தென் தொண்டுப் நம்கியால் அரியணை இழந்தார்.

ஒரு செய்தியை இங்குச் சுட்டலாம். 1968இல் திம்புவில் இந்தியாவின் முதற் சிறப்பு அதிகாரியாக அமர்ந்தவர் பி. எஸ். தாஸ். 1973இல் சிக்கிமின் தலைமை நிருவாகியாக அனுப்பப்பட்டவரும் அவரே. திம்புவில் அவர் ஒரு நாட்டின் பிரதிநிதி. காங்டாக்கில் அவரே அரசு. மனிதர் ஒருவரே, அவர் அமர்ந்த இருக்கைதான் வேறு.

சிக்கிமின் முடிவைப் பூட்டான் இரு வகையில் படித்தது. முதலாவது, வெளியே பொறுமை. பெரும் நாடுகளின் தூதரகங்களை அது தன் தலைநகருக்கு அழைக்கவில்லை. 2003 டிசம்பரில் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக், தம் காடுகளில் முகாமிட்டிருந்த அசாம் தீவிரவாதிகளைப் படைநடத்தி வெளியேற்றினார். இந்தியாவின் நம்பிக்கை அதனால் உறுதிப்பட்டது. 2006 டிசம்பரில் அவர் தாமாகவே முடிதுறந்தார். 2007 பிப்ரவரி 8ஆம் நாள் கையெழுத்தான புதிய உடன்படிக்கையில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்திருந்த ஆலோசனை விதி நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பூட்டானில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. போர் ஒன்றுகூட இன்றி ஒரு சொல்லை உடன்படிக்கையிலிருந்து அகற்றிய இச்செயல் அரசதந்திர வரலாற்றில் அரியதே.

விலை கொடுத்தோர்

இரண்டாவது படிப்பினையே நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது. பூட்டானின் தென்பகுதியில் நேபாள மொழி பேசும் லோட்ஷாம்பா மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தனர். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பலருக்குக் குடியுரிமை வழங்கியது. சிக்கிமின் விதி தமக்கும் நேருமோ என்னும் அச்சம் திம்புவில் வேரூன்றிய பின், 1985ஆம் ஆண்டுச் சட்டம் 1958 டிசம்பர் 31ஐ எல்லைநாளாக்கியது. 1988இல் தென்பகுதியில் கணக்கெடுப்பு நடந்தது. பழைய சான்றிதழைக் காட்ட இயலாதோர் அந்நியராயினர். 1989இல் உடை விதி கடுமையாயிற்று; பள்ளிகளில் நேபாள மொழி நிறுத்தப்பட்டது. 1990இல் எழுந்த எதிர்ப்பு அடக்கப்பட்டது. ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் நாட்டைவிட்டு நீங்கிக் கிழக்கு நேபாளத்தின் முகாம்களை அடைந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் 2007ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். பூட்டானுக்கு அவர்கள் திரும்பவில்லை.

இதனைக் கோல லங்காட் வட்டாரத்தில் வாழும் நாம் தொலைவிலுள்ள செய்தியாகப் படித்துச் செல்ல இயலாது. நிலமும் வரியும் ரெசிடெண்டின் மேசைக்குச் சென்றதன் விளைவாகவே காப்பித் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் இவ்வட்டாரத்தில் எழுந்தன. தெலுக் பங்லிமா காராங்கின் அருகிலுள்ள கேரித் தீவு, எட்வர்டு வாலண்டைன் கேரி என்னும் தோட்டத்துரையின் பெயரையே இன்றும் தாங்கியுள்ளது. அத்தோட்டங்களை உருவாக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கொணரப்பட்டனர். லங்காட் கரையில் ஒரு சுல்தான் அளித்த இசைவு, சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சையிலும் இருந்த குடும்பங்களின் வாழ்வைத் திசைதிருப்பியது. அவ்விசைவு பேசப்பட்ட அவையில் அவர்களுக்கு இடமில்லை.

இலங்கை மலையகத் தமிழரின் வரலாறும் இதற்கு இணையானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களைக் குறித்து, 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர் 1974இல்தான் எட்டப்பட்டது. இரு நாடுகளின் நல்லுறவுக்கு அது வெற்றி. தேயிலை மலைகளிலோ அது குடும்பங்களைப் பிரித்த கணக்கு. நம் நாட்டிலும், பிறப்புப் பத்திரம் இன்மையால் குடியுரிமைக்கு அலைந்த தோட்டப்புறத் தமிழரை நாம் அறிவோம். ஒரு தாளினைக் காட்ட இயலாமை எத்தகைய இடர் என்பதை லோட்ஷாம்பா மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நமக்கும் விளக்க வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சிற்றரசின் வெற்றி தோல்வியைப் போர்க்களத்தில் மட்டும் தேடுதல் போதாது. எதனை விட்டுக்கொடுத்து எதனைக் காத்தது என்பதிலே தேட வேண்டும். தஞ்சை நிருவாகத்தை விட்டுப் பட்டத்தைக் காத்தது. பின்னர்ப் பட்டமும் போயிற்று. சிலாங்கூர் நிருவாகத்தை விட்டு அரியணையையும் சமயத்தையும் காத்தது. அவ்வரியணை இன்றும் உள்ளது. பூட்டான் வெளியுறவை விட்டு உள்நிருவாகத்தைக் காத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, விட்டதையும் மீட்டது. சிக்கிமால் எதனையும் காக்க இயலவில்லை.

இரண்டாவது, அரசைக் காத்த அரசதந்திரம் மக்களைக் காத்தது என்று கொள்வதற்கில்லை. பூட்டான் மன்னர்களின் மதிநுட்பத்தைப் போற்றும் ஆய்வு, நேபாள முகாம்களில் பிறந்து வளர்ந்த தலைமுறையையும் அதே பக்கத்தில் எழுதியாக வேண்டும். பேரரசிடம் தன் தனித்தன்மைக்கு மதிப்பு வேண்டி நின்ற சிற்றரசு, தன்னுள் வாழ்ந்த சிறுபான்மைக்கு அதே மதிப்பை வழங்கியதா என்பதே நாம் இறுதியில் கேட்கத்தக்க வினா.

ஜுக்ராக் குன்றில் சுல்தானின் அடக்கத்தலம் பேணப்பட்டு வருகிறது. அதே ஆற்றின் கரையோரத் தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளர் பலரின் புதைமேடுகள் பெயரின்றிச் செம்பனை நிழலில் மறைந்துள்ளன. இவ்வட்டார வரலாற்றை எழுத முற்படும் நம் மாணவர்கள் இவ்விரண்டிடங்களுக்கும் செல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.